கோழிக் குடல் ஒட்டுண்ணிகள்: ஆன்டிபயாடிக் இல்லாமல் கட்டுப்படுத்துவது எப்படி?

கோழி எச்சத்தில் ரத்தம் தெரிந்தாலோ, வெள்ளையாகப் புழு நெளிந்தாலோ, நிறையப் பேருக்கு முதலில் நினைவு வருவது ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் பொடிதான். தண்ணீரில் கலந்து வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் அந்தப் பொடிக்கும் அந்தத் தொல்லைக்கும் சம்பந்தமே இருக்காது. பணமும் போகும், கோழியும் போகும். கடைசியில் நடப்பது, பண்ணையில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்வது மட்டுமே. நாளைக்கு உண்மையாகவே பாக்டீரியா நோய் வரும்போது அதே மருந்து வேலை செய்யாது.

அதனால் மாற்று என்ன என்று கேட்பதற்கு முன்னால், எதற்கு மாற்று தேடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

ஆன்டிபயாடிக் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற மருந்துகள் பாக்டீரியாவைக் குறிவைத்தவை. உதாரணமாக, பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியா தன்னைச் சுற்றி எழுப்பும் செல் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. குடல்புழுவுக்கு அப்படியொரு சுவரே கிடையாது. அது தசை, நரம்பு, இனப்பெருக்க உறுப்பு எல்லாம் உள்ள ஒரு விலங்கு. ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா ஒற்றைச் செல் உயிரிதான். ஆனாலும் அதன் செல் அமைப்பு பாக்டீரியாவைவிடக் கோழியின் செல்லுக்கே நெருக்கமானது. பென்சிலினைக் கொடுத்து இவற்றை விரட்டப் பார்ப்பது, பக்கத்து வீட்டுச் சாவியை நம் பூட்டில் போட்டுத் திருகுவது மாதிரிதான்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். சல்ஃபா மருந்துகள் காக்சிடியாவைத் தடுக்கும். ஃபோலிக் அமிலத்தை அந்த உயிரி தானே தயாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, சல்ஃபா அந்தத் தயாரிப்பைக் கெடுத்துவிடுகிறது. 1940களின் இறுதியிலேயே சல்ஃபாகுயினாக்சலின் என்ற மருந்தைக் கோழித் தீவனத்தில் தொடர்ந்து கலக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் 1971இல் அமெரிக்காவில் மோனன்சின் வந்தது. அதன் பின்னால் சலினோமைசின், நராசின் என்று வரிசையாக வந்தன. இவற்றுக்கு அயனோஃபோர் என்று பெயர். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிரிகளை வளர்த்து நொதிக்கவைத்து எடுக்கப்படுபவை. காக்சிடியாவின் செல் சவ்வு வழியாகச் சோடியத்தை உள்ளே தள்ளிவிடும். கூடவே தண்ணீரும் புகுந்து, செல் வீங்கி வெடித்துவிடும்.

இந்த அயனோஃபோர்கள் சில பாக்டீரியாக்களையும் கொல்லும் என்பதால், அமெரிக்காவில் இவற்றை ஆன்டிபயாடிக் கணக்கிலேயே வைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் காக்சிடியாவுக்கான தீவனச் சேர்க்கை என்று தனியாக வைத்திருக்கிறார்கள். அதனால்தான் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தபோதும் அயனோஃபோர்கள் அங்கே தொடர்ந்தன. மனிதர்களுக்கான மருத்துவத்தில் இவை பயன்படுவதில்லை என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் குதிரை இந்தத் தீவனத்தைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. கோழியோடு குதிரையும் வளர்ப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

புழுநீக்க மருந்துகளான ஃபென்பெண்டசோல், ஆல்பெண்டசோல், லெவாமிசோல், பைப்பரசின் ஆகிய எதுவும் ஆன்டிபயாடிக் இல்லை. காக்சிடியாவுக்குக் கொடுக்கும் ஆம்ப்ரோலியமும் இல்லை. எனவே, ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால் கையில் மருந்தே இல்லாமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் எந்த மருந்தானாலும், அதையே நம்பி வண்டி ஓட்டினால் ஒட்டுண்ணி அதற்கும் பழகிவிடும். ஃபென்பெண்டசோலுக்கு மசியாத கோழிப் புழுக்கள் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன.

குடலுக்குள் நடப்பது என்ன?

காக்சிடியாவை முதலில் பார்க்கலாம், ஏனென்றால் அதிக நஷ்டம் அதனால்தான். ஐமீரியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. கோழியைத் தாக்கும் இனங்கள் 7 என்று பொதுவாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் குடலில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அசெர்வுலினா சிறுகுடலின் தொடக்கத்தில் இருக்கும். குடலை வெட்டிப் பார்த்தால் ஏணிப்படி மாதிரி குறுக்கே வெள்ளைக் கோடுகள் தெரியும். மேக்சிமா நடுக்குடலில். டெனெல்லா குருட்டுக்குடலில், கூடை கூடையாகக் குஞ்சுகள் சாவதற்கும், எச்சத்தில் புது ரத்தம் வருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். கோழி ஐமீரியா கோழியைத்தான் பிடிக்கும். ஆட்டுக்கு வரும் காக்சிடியா கோழிக்கு வராது, கோழிக்கு வருவது ஆட்டுக்குப் போகாது.

நோயுள்ள கோழியின் எச்சத்தில் ஊசிஸ்ட் என்ற நுண்ணிய கூடுகள் வெளியே வருகின்றன. கண்ணுக்குத் தெரியாது. கவனிக்க வேண்டியது, வெளியே வந்த உடனே அவை தொற்றாது என்பதைத்தான். ஈரம், மிதமான சூடு, காற்று மூன்றும் கிடைத்தால் ஓரிரு நாட்களில் முதிர்ந்து, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் 8 தொற்று உயிரிகள் தயாராகும். அந்தக் கூடு, கொட்டகைத் தரையில் பரப்பியிருக்கும் கூளத்தோடோ தண்ணீரோடோ கோழியின் வாய்க்குள் போனால், அரைவைப்பை அதை உடைக்கும், பித்தமும் செரிமான நீரும் உள்ளே இருப்பதை விடுவிக்கும். அவை குடல் சுவரின் செல்களுக்குள் புகுந்து, பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு வெளியேறி, பக்கத்துச் செல்களுக்குள் போகும். இப்படி இரண்டு மூன்று சுற்று. கடைசியில் மறுபடியும் கூடுகளாக எச்சத்தில் இறங்கும். டெனெல்லாவுக்கு இது முடிய ஏறக்குறைய ஒரு வாரம், அசெர்வுலினாவுக்கு நான்கு நாள் போதும்.

இந்தக் கணக்கில் நடைமுறைக்கு முக்கியமான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. டெனெல்லாவில் ரத்தம் தெரிவது தொற்று ஏறி நான்கைந்து நாள் கழித்து. அதற்குள் குடல் சுவர் கிழிந்தாகிவிட்டது. ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கும் எந்த வைத்தியமும், மிச்சமிருக்கும் கோழிகளைக் காப்பாற்றும் வைத்தியம்தான். அதனால் முன்கூட்டியே தடுப்பதைத் தவிர இந்த நோயில் உருப்படியான வழி வேறில்லை.

இன்னொரு பக்கம், பிழைத்துக்கொண்ட கோழிக்கு அந்த இன ஐமீரியாவுக்கு எதிராக நல்ல எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். வேறு இனத்துக்கு எதிராக அது உதவாது. இதைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் சொல்லப்போகும் தடுப்பு மருந்து உருவானது.

புழுக்களின் கதை வேறு மாதிரி. பெரிய உருண்டைப்புழுவான அஸ்காரிடியா காலி சிறுகுடலில் வாழும், 5 முதல் 12 சென்டிமீட்டர் வரை வளரும். புழு அதிகமானால் குடலையே அடைத்துவிடும். அதன் முட்டை எச்சத்தில் வந்து, சூடும் ஈரமும் இருந்தால் பத்து இருபது நாட்களில் தொற்றும் நிலைக்கு வரும். முட்டையின் ஓடு கெட்டியானது, சாதகமான மண்ணில் மாதக்கணக்கில், ஏன், ஒரு வருடத்துக்கு மேலும்கூடப் பிழைத்திருக்கும். குருட்டுக்குடலில் வாழும் சின்னப் புழு ஹெட்டராகிஸ். கோழிக்கு இதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் வான்கோழியைக் கொல்லும் கருந்தலை நோயின் கிருமியை இது தன் முட்டைக்குள் வைத்துப் பரப்பும். கோழியையும் வான்கோழியையும் ஒரே இடத்தில் வளர்க்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

நாடாப்புழு நேரடியாகக் கோழியிலிருந்து கோழிக்குப் போவதில்லை. நடுவில் இன்னொரு உயிர் வேண்டும். ராய்லட்டினா இனங்களுக்கு எறும்போ வண்டோ. இன்னொரு வகைக்கு வீட்டு ஈ. வேறொன்றுக்கு நத்தை. கோழி அந்தப் பூச்சியைக் கொத்தித் தின்றால்தான் நாடாப்புழு உள்ளே போகும். கூண்டில், எச்சத்தைத் தொடவே வழியில்லாமல் வளரும் முட்டைக்கோழிக்கும் நாடாப்புழு வருகிறதே எப்படி என்று குழம்புபவர்கள் கூண்டுக்கு அடியில் குவிந்திருக்கும் எச்சத்தில் ஈ மொய்ப்பதைப் போய்ப் பார்க்க வேண்டும்.

எச்சத்துக்கும் அலகுக்கும் நடுவில்

இதுவரை சொன்ன எல்லா ஒட்டுண்ணிக்கும் ஒரு பொதுவான பலவீனம் உண்டு. வாழ்க்கையின் ஒரு பகுதியை அது கோழிக்கு வெளியே கழித்தாக வேண்டும். வெளியே இருக்கும்போது அதற்கு ஈரம் வேண்டும், நேரம் வேண்டும், மறுபடி அலகுக்குள் போக ஒரு வழி வேண்டும். என் அனுபவத்தில் ஆன்டிபயாடிக்குக்கு உண்மையான மாற்று என்று தைரியமாகச் சொல்லக்கூடியது இந்த மூன்றையும் பறிப்பதுதான். இதைச் செய்யாமல் எந்த மூலிகையைக் கொடுத்தாலும், எந்தத் தடுப்பு மருந்தைப் போட்டாலும் பாதிப் பலன்கூடக் கிடைப்பதில்லை.

ஆழ்கூளத்தில் ஈரம் 20 முதல் 25 சதவீதம் வரை இருப்பது நல்லது. இதை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும் நிப்பிள் வரிசைக்கு நேர் கீழே குனிந்து ஒரு கைப்பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டிப் பிடித்து, பிறகு உடைந்து உதிர்ந்தால் சரியான பதம். ஒட்டவே ஒட்டாமல் தூசி பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, அதுவும் கோழியின் மூச்சுக்கு நல்லதல்ல. கொட்டகையின் நடுவில் ஒரு பிடி, சுவரோரம் ஒரு பிடி, தண்ணீருக்கு அடியில் ஒரு பிடி என்று மூன்று இடத்தில் பார்த்தால் தொல்லை எங்கே ஆரம்பிக்கிறது என்பது தெரிந்துவிடும். அது பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கும்.

அங்கே ஈரம் சேர இரண்டு காரணங்கள். ஒன்று, ஒழுகும் நிப்பிள். இன்னொன்று, உயரம். நிப்பிள் தாழ்வாக இருந்தால் கோழி தலையைச் சாய்த்துக் குடிக்கும், பாதித் தண்ணீர் கீழே சிந்தும். கழுத்தை நீட்டி மேலே பார்த்துக் குடிக்கும் உயரத்தில் இருக்க வேண்டும், கோழி வளர வளர உயர்த்திக்கொண்டே போக வேண்டும். தட்டும் குடுவையும் வைப்பவர்கள் அவற்றின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு வரும்படி வைத்தால் எச்சமும் கூளமும் உள்ளே விழுவது குறையும். தீவனத் தட்டுக்கும் இதே கணக்குதான். கட்டி தட்டிய கூளத்தை அள்ளி வெளியே போட்டுவிட்டு உலர்ந்ததை நிரப்புங்கள், மற்ற இடத்தைக் கிளறி விடுங்கள். காற்று நன்றாகப் போய் வர வேண்டும். நாம் நின்றுகொண்டு மோந்து பார்த்தால் போதாது. கோழி மூச்சு விடும் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். அங்கே அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தால் கூளம் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இட நெருக்கடியும் இதோடு சேர்ந்ததுதான். ஒரே இடத்தில் கோழி கூடக்கூட எச்சம் கூடும், ஈரம் கூடும், ஒரு கோழி விழுங்கும் கூடுகளின் எண்ணிக்கையும் கூடும். காக்சிடியாவில் எத்தனை கூடு உள்ளே போகிறது என்பதைப் பொறுத்துத்தான் நோயா, எதிர்ப்புச் சக்தியா என்பது முடிவாகிறது. கொஞ்சமாகப் போனால் கோழி கற்றுக்கொள்ளும். ஒரேயடியாக ஏராளமாகப் போனால் செத்துப்போகும்.

பெரிய கோழிகளையும் குஞ்சுகளையும் கலக்காதீர்கள். வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும் பெரிய கோழி, எச்சத்தில் கூடுகளையும் புழு முட்டைகளையும் விட்டுக்கொண்டேயிருக்கலாம். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. வேலை செய்யும்போது முதலில் குஞ்சுக் கொட்டகை, கடைசியில் பெரிய கோழிகள் என்ற வரிசையில் போவதும், கொட்டகைக்கு ஒரு செருப்பு வைத்துக்கொள்வதும் செலவில்லாத பாதுகாப்பு.

கிருமிநாசினி தெளித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பினாயில், பிளீச்சிங் பவுடர் மாதிரி வழக்கமாகத் தெளிக்கிறவற்றுக்கு ஊசிஸ்ட் கூடுகள் சாவதில்லை, அவற்றின் ஓடு அவ்வளவு கெட்டி. அவற்றைக் கொல்வது சூடு, வறட்சி, அம்மோனியா. ஒரு தொகுதிக் கோழிகளை வளர்த்து முடித்ததும் கூளத்தை முழுக்க அகற்றி, தரையைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சில நாள் கொட்டகையைக் காலியாகப் போடுவதுதான் முறை. வெளியே எடுத்த கூளத்தைக் குவித்து மக்க வைத்தால் குவியலின் உள்ளே சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும், கூடும் முட்டையும் செத்துவிடும். ஓரங்களில் அவ்வளவு சூடு ஏறாது என்பதால் ஒரு முறையாவது புரட்டிப் போட வேண்டும்.

மேய விட்டு வளர்ப்பவர்களுக்குக் கூளம் என்பது மண். அங்கே செய்யக்கூடியது இடத்தை மாற்றுவது. ஒரே முற்றத்தில் வருடம் முழுக்க மேய்ந்தால் அந்த மண் புழு முட்டைகளின் கிடங்காகிவிடும். நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி விடலாம். புல்லை உயரமாக வளரவிடாமல் வெட்டி வெயில் படவைக்கலாம். கோழிகள் அதிக நேரம் நிற்கும் வாசல் பகுதியில் தண்ணீர் தேங்காமல் சரளை போடலாம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அஸ்காரிடியா முட்டை நீண்ட காலம் பிழைத்திருக்கும் என்பதால், சில வாரம் இடத்தை மாற்றியதும் மண் சுத்தமாகிவிடாது. முட்டைகளின் பாரம் குறையும், அவ்வளவுதான். நாடாப்புழுவுக்கு, எறும்புப் புற்றையும் வண்டு சேரும் பழைய கூளத்தையும் ஈ மொய்க்கும் எச்சக் குவியலையும் ஒழிப்பதுதான் பாதி வைத்தியம்.

தடுப்பு மருந்து: நோயையே கொஞ்சமாகக் கொடுப்பது

காக்சிடியாவுக்கு எதிரான முதல் வணிகத் தடுப்பு மருந்து 1952இல் அமெரிக்காவில் வந்தது. அதாவது, மோனன்சினைவிட இது பழையது. மருந்துகள் மலிவாகக் கிடைத்ததால் பல காலம் பின்னுக்குத் தள்ளப்பட்டுக் கிடந்தது. இப்போது ஆன்டிபயாடிக்கைக் குறைக்க நினைக்கும் பண்ணைகள் மறுபடி இதன் பக்கம் திரும்பியிருக்கின்றன. நார்வேயில் கறிக்கோழித் துறை தீவனத்தில் நராசின் சேர்ப்பதைக் கைவிட்டபோது அதற்குக் கை கொடுத்ததும் இதுதான்.

இதில் இருப்பது உயிருள்ள ஊசிஸ்ட்கள், ஆனால் அளந்து, மிகக் குறைவாக. சில தயாரிப்புகளில் வீரியம் குறைக்கப்பட்ட, சீக்கிரமே சுற்றை முடித்துக்கொள்ளும் ரகங்கள் இருக்கும். பொரிப்பகத்திலேயே ஒரு நாள் குஞ்சுகளின் மேல் நிறமேற்றிய திரவமாகத் தெளிப்பார்கள், அல்லது ஜெல் துளிகளாக விடுவார்கள். குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தியும் தன் இறகைக் கோதியும் அதை விழுங்கும்.

அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. உண்மையில் அங்கேதான் ஆரம்பம். குஞ்சின் குடலில் பெருகிய தடுப்பு மருந்துக் கூடுகள் எச்சத்தில் வந்து, கூளத்தில் முதிர்ந்து, மறுபடி அதே குஞ்சுகளால் விழுங்கப்பட வேண்டும். இப்படி இரண்டு மூன்று சுற்று போனால்தான் முழு எதிர்ப்புச் சக்தி வரும். மூன்று நான்கு வாரம் ஆகும். அதனால் இந்த வாரங்களில் கூளம் தூசியாகக் காய்ந்துபோனாலும் சிக்கல், சேறாக இருந்தாலும் சிக்கல். காய்ந்தால் கூடுகள் முதிராது, சுற்று நின்றுவிடும். ஈரம் மிஞ்சினால் தேவைக்கு மேல் பெருகி, தடுப்பு மருந்தே நோயாக மாறும். மேலே சொன்ன கைப்பிடிச் சோதனைக்கு இங்கே மதிப்பு இன்னும் கூடுகிறது.

குஞ்சுகள் எல்லாம் மருந்தைச் சமமாக விழுங்கியிருக்க வேண்டும். சில குஞ்சுகள் விட்டுப்போனால், மற்றவை பெருக்கிக் கொட்டும் கூடுகளைப் பின்னால் ஒரேயடியாக விழுங்கி அவை படுத்துவிடும். இன்னொரு பொதுவான தவறு, தடுப்பு மருந்து கொடுத்த குஞ்சுகளுக்கு அயனோஃபோரோ ஆம்ப்ரோலியமோ கலந்த தீவனத்தைப் போடுவது. அந்தத் தீவனம் தடுப்பு மருந்தைக் கொன்றுவிடும், கொடுத்ததும் வீண், கோழிக்குப் பாதுகாப்பும் இல்லை. தீவன மூட்டையின் சீட்டைப் படிக்காமல் கொட்டாதீர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. தடுப்பு மருந்தில் இருக்கும் ரகங்களில் பெரும்பாலானவை மருந்துக்குக் கட்டுப்படுபவை. சில தொகுதிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தால், கொட்டகையில் இருந்த மருந்துக்கு மசியாத ஐமீரியாக்களோடு இவை கலந்து, அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேலை செய்யாமல் போன மருந்து மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கும். சில தொகுதிக்குத் தடுப்பு மருந்து, பிறகு சில தொகுதிக்கு மருந்து என்று மாற்றி மாற்றிப் போவதன் பின்னால் இருக்கும் யோசனை இதுதான்.

குடல்புழுக்களுக்கு இப்படி வணிகமாகக் கிடைக்கும் தடுப்பு மருந்து எதுவும் இல்லை.

மூலிகை, எண்ணெய், புளிக்காடி: எதை எவ்வளவு நம்பலாம்?

இங்கேதான் ஆசையும் விளம்பரமும் அதிகம். எல்லாமே பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆரிகனோ என்ற மூலிகையின் எண்ணெயில் உள்ள கார்வக்ரால், தைமால் இரண்டும் ஆய்வகத்தில் ஊசிஸ்ட்களைச் சேதப்படுத்துகின்றன. கோழிகளில் செய்த சோதனைகளிலும் கூடுகளின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கின்றன. ஆர்டிமிசியா அன்னுவா, மஞ்சள், பூண்டு, யுக்கா செடியின் சப்போனின் என்று இன்னும் பலவற்றில் ஆய்வுகள் உண்டு. பப்பாளிப் பாலில் இருக்கும் நொதிகள் புழுவின் மேல்தோலைச் செரிக்கக்கூடியவை, உருண்டைப்புழுவில் இது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது.

ஆனால் இவற்றில் எதுவும் நல்ல தடுப்பு மருந்துக்கோ, வேலை செய்யும் புழுநீக்க மருந்துக்கோ ஈடாக நிற்கவில்லை. குறைக்கும், ஒழிக்காது. செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மருந்துச் சத்து மாறும். கைப்பிடி அளவில் அரைத்துக் கொடுத்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது. வேப்பிலையை அதிகம் சேர்த்தால் கசப்பினால் கோழி தீவனத்தையே குறைத்துவிடும். சுத்தமான கொட்டகையில், பாரம் குறைவாக இருக்கும்போது துணையாகக் கொடுக்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. ரத்தம் வந்தபிறகு மூலிகைச் சாற்றோடு காத்திருப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அந்த இரண்டு நாளில் பாதிக் கொட்டகை காலியாகிவிடும்.

டயட்டம் மண்ணைத் தீவனத்தில் கலக்கச் சொல்வார்கள். பூச்சியின் மேல்தோலைக் கீறி அதை உலர்த்திக் கொல்வதுதான் அதன் வேலை. குடலுக்குள் எல்லாமே நனைந்துவிடும் என்பதால் அங்கே அந்த வேலை நடக்க வழியில்லை, ஆய்வு முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. தண்ணீரில் புளிக்காடி கலந்தால் குழாயில் பாசி படிவது குறையலாம், புழு சாகாது. துத்தநாகம் பூசிய பாத்திரத்தில் காடி ஊற்றவே கூடாது, துத்தநாகம் கரைந்து கோழிக்கு நஞ்சாகும்.

புழு முட்டைகளைத் தின்னும் போக்கோனியா என்ற பூஞ்சையைக் கூளத்திலும் மண்ணிலும் விட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. யோசனை நல்லதுதான், பண்ணைக்கு வர இன்னும் காலம் பிடிக்கும்.

புரோபயாடிக், கரிம அமிலம், ஈஸ்ட் செல் சுவர் இவற்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை நிற்கும் இடம் வேறு. ஒட்டுண்ணிக்கு ஆன்டிபயாடிக் ஏன் கொடுக்கிறார்கள் என்பதற்கு ஓரளவு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. காக்சிடியா கிழித்துப்போட்ட குடல் சுவரிலிருந்து புரதமும் சளியும் கசியும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா அதைத் தின்று பெருகி நஞ்சைச் சுரக்கும். குடல் அழுகல் நோய் அப்படித்தான் வருகிறது. அயனோஃபோர் காக்சிடியாவையும் இந்தப் பாக்டீரியாவையும் சேர்த்தே அடக்கிவந்தது. அதை நிறுத்தினால் இரண்டுக்கும் தனித்தனியாக வழி பார்க்க வேண்டும். காக்சிடியாவுக்குத் தடுப்பு மருந்தும் காய்ந்த கூளமும். பாக்டீரியாவுக்கு நல்ல குடல் நுண்ணுயிரிகளை வலுப்படுத்தும் புரோபயாடிக்கும், பியூட்ரிக் அமிலம் மாதிரியான கரிம அமிலங்களும், எளிதில் செரிக்கும் தீவனமும். புரோபயாடிக் கொடுத்தேன், ரத்தக்கழிச்சல் நிற்கவில்லை என்று சிலர் குறைப்படுவார்கள். அது ரத்தக்கழிச்சலை நிறுத்துவதற்கானதே இல்லை.

தீவனத்தில் வைட்டமின் ஏ குறைந்தால் புழுத் தாக்கம் அதிகமாகும், காக்சிடியா தாக்கிய குடலால் வைட்டமின் ஏவைச் சரியாக உறிஞ்சவும் முடியாது. ரத்தக்கழிச்சலில் வைட்டமின் கே ரத்தம் உறைய உதவும்.

மருந்து தேவைப்படும் நேரம்

கொட்டகையில் ரத்தக்கழிச்சல் வந்துவிட்டது, குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூனிக் குறுகி நிற்கின்றன. இப்போது கொள்கை பேச நேரமில்லை. கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், ஆம்ப்ரோலியம் அல்லது டோல்ட்ராசூரில் மாதிரி காக்சிடியாவுக்கே உரிய மருந்தை அவர் சொல்லும் அளவில் கொடுங்கள். தண்ணீரில் கொடுப்பதே நல்லது, நோயுள்ள கோழி தீவனத்தைத் தொடாவிட்டாலும் தண்ணீர் குடிக்கும். ஆம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கை நிறுத்திவையுங்கள். வைட்டமின் பி1 மாதிரி வேடமிட்டுத்தான் அந்த மருந்து காக்சிடியாவைப் பட்டினி போடுகிறது. உண்மையான பி1 தாராளமாகக் கிடைத்தால் மருந்து தோற்றுவிடும். டானிக்கையும் மருந்தையும் ஒரே வாளியில் கலப்பது பல பண்ணைகளில் நடக்கிறது. மருந்து முடிந்தபின் எத்தனை நாள் முட்டையையும் இறைச்சியையும் விற்கக் கூடாது என்பதைச் சீட்டில் பார்த்துக் கட்டாயம் கடைப்பிடியுங்கள்.

புழுவுக்கு, நாள்காட்டி பார்த்து மாதாமாதம் மருந்து ஊற்றும் பழக்கத்தைவிட, எச்சத்தைச் சோதித்துவிட்டுத் தேவையென்றால் கொடுப்பது மேல். பத்து இருபது இடத்தில் புது எச்சம் எடுத்துக் கலந்து ஒரு மூடியுள்ள டப்பாவில் கால்நடை ஆய்வகத்தில் கொடுத்தால், அடர் உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணிச் சொல்வார்கள். மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணினால், மருந்து உண்மையில் வேலை செய்ததா என்பதும் தெரியும். எண்ணிக்கை பெரிதாக இறங்கவில்லையென்றால் அடுத்த முறை அதே மருந்தை வாங்காதீர்கள். அதே சமயம் குஞ்சுப் பருவத் தொற்றில் முட்டை எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. அஸ்காரிடியா வளர்ந்து முட்டையிட ஐந்து முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை புழு இருக்கும், முட்டை இருக்காது.

அந்த இடைவெளியில் உதவுவது, செத்த கோழியைப் புதைக்கும் முன் குடலை நீளவாக்கில் வெட்டிப் பார்க்கும் பழக்கம். கையுறை போட்டுக்கொண்டு, சிறுகுடலின் தொடக்கத்தில் வெள்ளைக் கோடுகள் இருக்கின்றனவா, நடுவில் புழு தெரிகிறதா, குருட்டுக்குடல் வீங்கி ரத்தம் கட்டியிருக்கிறதா என்று மூன்று இடத்தைப் பாருங்கள். பார்த்ததை வயதோடும் தேதியோடும் ஒரு நோட்டில் எழுதி, மூன்று இடத்தையும் போட்டோ எடுத்து மருத்துவருக்கு அனுப்பினால், எந்த ஒட்டுண்ணி, எந்த வாரத்தில் உங்கள் கொட்டகைக்குள் தலைகாட்டுகிறது என்பதை அவரால் சொல்ல முடியும். அடுத்த தொகுதிக் குஞ்சுகள் வரும்போது அந்த வாரத்துக்கு முன்பே கூளத்தையும் நிப்பிளையும் கவனிக்கத் தொடங்கிவிடலாம்.